கீமோ எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஏன் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்கிறார்கள்?

கீமோதெரபி மருந்து வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்கும். புற்றுநோய் அணு அப்படிப்பட்டது. முடியின் வேர், வாயின் உள்தோல், எலும்பு மஜ்ஜை எல்லாமும் அப்படித்தான். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. மஜ்ஜை அடிபட்டால், அங்கே உருவாகிக் கிருமியோடு மோதும் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். பல மருந்துகளில், கொடுத்த 7 முதல் 14 நாளுக்குள் அவற்றின் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும்.

அப்புறம் நாய் இல்லாத வீட்டில் திருடன் புகுந்த கதைதான். குரைப்புச் சத்தமே இருக்காது. சீழ், சிவப்பு, வீக்கம் எல்லாம் பெரும்பாலும் வெள்ளை அணுக்கள் போடும் சத்தம். அவை இல்லாதபோது பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் துப்பு. பொதுவாக 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டுவிட்டால் நடுராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டியதுதான். (உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.) அங்கே ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும்போது தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பாருங்கள். ஆசனவாயில் வேண்டாம், சிறு கீறலும் கிருமிக்கு வழி.

"பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அது சூட்டைத்தான் இறக்கும், கிருமியைத் தொடாது, இருந்த ஒரே துப்பையும் மறைத்துவிடும்.