சேவலைப் பிடித்திருந்தவன்

அன்புள்ள ஐயா,

சமீபத்துக் கட்டுரை ஒன்றில் ‘கொட்டுக்காளி’யைத் தமிழ் சினிமாவின் மிக முக்கியமான படங்களுள் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். வெளியான வாரத்திலேயே அதைக் குடும்பத்தோடு பார்த்தவன் நான். ‘கருடன்’ பார்த்துவிட்டு, சூரியை நம்பிப் போனோம். ஒரு ஆட்டோவும் சில பைக்குகளும் போய்க்கொண்டே இருக்கின்றன. நடுரோட்டில் காளை நிற்பதெல்லாம் ஒரு காட்சி. பின்னணி இசை கிடையாது. முடிவும் கிடையாது, விளக்கு எரிந்ததும் ‘அவ்வளவுதானா?’ என்று தியேட்டரில் சத்தம் போட்டார்கள். என் பையன் பாதியில் தூங்கிவிட்டான். மனைவி வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை, அவளுக்கும் பிடிக்கவில்லை. வாரம் முழுக்க மிஷின் சத்தத்தில் நிற்கிறவன் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருக்க நினைப்பது தவறா? இப்படிப்பட்ட படங்களைத் திரைப்பட விழாக்களோடு நிறுத்திக்கொண்டால் என்ன? பிடித்தது என்று சொல்பவர்கள் உண்மையாகவே ரசித்துத்தான் சொல்கிறார்களா?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

பெயர் வேண்டாமென்று கேட்டிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். இந்தப் படத்தைத் திட்டி வந்த கடிதங்களில் பலவற்றுக்கு நான் பதில் எழுதவில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் ஒரே ஒரு வரி. உங்கள் மனைவி வீடு வரும்வரை பேசவில்லை என்ற வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக இருக்க நினைப்பது தவறே இல்லை. ‘கருடன்’ நானும் பார்த்தேன், எனக்கும் பிடித்தது. தூங்கிய பையனைத் தூங்கவிடுங்கள், அவனுக்கு வயது இருக்கிறது. காளை நிற்கும் காட்சியில் அத்தனை ஆண்களும் கைபிசைந்து நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாளே, அதைப் பார்த்தீர்களா, இல்லை அதற்குள் கைப்பேசியை எடுத்துவிட்டீர்களா? சரி, போகட்டும்.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. அதை மறைக்கப் போவதில்லை. உங்கள் அம்மா பாகற்காய்க் குழம்பை விரும்பிச் சாப்பிடும்போது, நடிக்கிறார் என்றா நினைத்தீர்கள்? உங்களுக்குப் பிடிக்காதது இன்னொருவருக்குப் பிடித்தால் அவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, அகம்பாவம். இதை உங்களிடம் மட்டும் சொல்லவில்லை. படம் வந்த நாட்களில் படித்தவர்களே இப்படிப் பேசினார்கள்.

விழாக்களோடு நிறுத்திக்கொள்ளலாமே என்கிறீர்கள். இந்தப் படத்தின் இயக்குநர் வினோத்ராஜின் முதல் படம் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. ‘கொட்டுக்காளி’ 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டது. ஆகஸ்ட் 23 அன்று நம் தியேட்டர்களுக்கு வந்தது. சிவகார்த்திகேயன் தயாரித்ததால்தான் அதுவும் நடந்தது. மதுரைப் பக்கத்துக் குடும்பம், அந்த மண்ணின் பேச்சு, அந்த வெயில், கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கம்மிய குரலில் கத்தும் பாண்டியாகச் சூரி. இதையெல்லாம் ஜெர்மனியில் உட்கார்ந்து பார்க்கலாம், உசிலம்பட்டிக்காரர் பார்க்க வேண்டாமா? நம்மைப் பற்றி எடுத்த படத்தை நமக்குக் காட்டாதே என்று நாமே சொல்கிறோம். வேற்றுச் சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் பெர்லினிலா இருக்கிறார்கள்? அந்த ஆட்டோவுக்குப் பின்னால் பைக்கில் போகிறவர்கள் யார்? நீங்கள் இந்தக் கடிதம் எழுதிய அன்றும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண்ணை அப்படிக் கிளப்பிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

பின்னணி இசைக்கு வருகிறேன். 1954-இல் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்தார்; சிவாஜி நடித்த படம் அது. எனவே வழக்கத்தை விட்டு விலகுவது தமிழுக்குப் புதிதல்ல. எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. வழக்கமான படத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைக் காட்டும்போதே வயலின் வந்துவிடும். நமக்குக் கண் கலங்கும். நாம் அவள் பக்கம் இருக்கிறோம் என்ற நிம்மதி கிடைக்கும். இந்தப் படத்தில் அந்த நிம்மதியைத் தர யாரும் இல்லை. ஆட்டோ சத்தம் மட்டும்தான். அந்த ஆட்டோவில் நமக்கும் ஓர் இடம் போட்டுக் கொடுத்துவிட்டு, வாருங்கள், கூடவே வாருங்கள் என்கிறார்கள். நீங்களும் போனீர்கள். போகப் போகச் சலிப்பாக இருந்தது என்கிறீர்கள்.

எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. நான் சொல்வது 1984-இல்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் கடைசித் தங்கைக்கு, என் சித்திக்கு, இருபது இருக்கும். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவரைத் திடீரென்று வீட்டோடு நிறுத்தினார்கள். பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாட்டையும் குறைத்துவிட்டார். காரணம் என்னவென்று எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மெட்டடார் வேன் வந்து நின்றது. பாட்டி, அம்மா, இரண்டு மாமாக்கள், நடுவில் சித்தி. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பேயோட்டுகிற ஒரு கோடாங்கியிடம் போகிறோம் என்றார்கள். என் கையில் ஒரு கருஞ்சேவலைக் கொடுத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இறகுக்கு அடியில் அதன் உடம்பு சுடச்சுட இருந்தது. என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டே வந்தது.

வழியெல்லாம் ‘எப்போது வரும், எப்போது வரும்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மாமா ஒரு முறை அதட்டினார். எதிரில் உட்கார்ந்திருந்த சித்தியின் முகத்தை நான் பார்த்ததாகவே நினைவில்லை. சேவல் நினைவிருக்கிறது, வெயில் நினைவிருக்கிறது.

கணவாய்க்கு முன்பு ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் டீ. சித்திக்கும் ஒரு கிளாஸை வேனுக்குள்ளேயே கொண்டுவந்து கொடுத்தார் பெரிய மாமா. சித்தி கை நீட்டவில்லை. கிளாஸை இருக்கையின் ஓரத்தில் வைத்தார். டீயின் மேல் ஆடை படிந்தது. வண்டி கிளம்புகிற நேரத்தில் மாமா அதை எடுத்து வெளியே கொட்டினார்.

கோடாங்கியிடம் அவர் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். வழியில் ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை சாமி, இது வேறு ஏதோ. கோடாங்கி உடுக்கையை எடுத்தார். சேவலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. என்னை வெளியே அனுப்பவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். யாருக்கும் அது தோன்றவில்லை.

அடுத்த தையில் சித்திக்குக் கல்யாணம். இப்போது அறுபது தாண்டிவிட்டார், பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளில் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எவரும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. கதைகள் எழுதினேன், பெண்களைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினேன், மேடைகளில் பேசினேன். அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

‘கொட்டுக்காளி’யை நான் சித்தியோடு சேர்ந்து மறுபடி பார்த்தேன், அவர் வீட்டில். போடலாமா என்று பயந்து பயந்துதான் கேட்டேன். என்ன படம் என்பதைச் சொல்லிவிட்டே கேட்டேன். போடு என்றார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். எங்கோ ஒலிபெருக்கியில் கேட்கும் பாட்டை அந்த ஆட்டோவில் போகிற பெண் மீனா முணுமுணுத்ததற்காகப் பாண்டி அவளையும், தடுக்க வந்தவர்களையும் அடிக்கிற காட்சியில்கூட அசையவில்லை. கடைசியில், அங்கே இன்னொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி நின்று பார்க்கிறான், படம் முடிந்துவிடுகிறது. முடிவே இல்லையே என்று சித்தி கேட்கவில்லை. வெகுநேரம் கழித்துச் சொன்னார்: “அன்றைக்கு எனக்கு அந்த டீயைக் குடிக்க வேண்டும்போலத்தான் இருந்தது. தொண்டை காய்ந்து கிடந்தது. குடித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களே என்றுதான் குடிக்கவில்லை.”

அந்த வேனில் ஆறு பேர் இருந்தோம் நண்பரே, ஓட்டுநரைச் சேர்க்காமல். ஒரு பெண் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் முடியாது என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய அண்ணன் அதைப் பேய் என்று புரிந்துகொண்டார். நான் புரிந்துகொள்ளவே இல்லை, எனக்குச் சலிப்பாக இருந்தது.

மீனா படத்தில் ஏறத்தாழ பேசுவதே இல்லை. மீனாவாக நடித்த அன்னா பென் அந்த முகத்தை வைத்துக்கொண்டு அத்தனை தூரம் உட்கார்ந்து வருகிறார். அவளுக்காகப் பேச ஓர் இசையைப் போட்டிருந்தால் நாம் இசையைக் கேட்டிருப்போம். போடாததால்தான், ஏன் இவள் பேசமாட்டேன் என்கிறாள் என்று நாம் தவிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தவிப்பைச் சலிப்பு என்று சொல்லி எழுந்து வந்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன்.

இப்போது உங்கள் மனைவி. வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்கிறீர்கள். அவருக்கும் பிடிக்கவில்லை என்று அடுத்த வாக்கியத்திலேயே எழுதிவிட்டீர்கள். கேட்டீர்களா? அவருக்குப் பிடிக்காமலே இருந்திருக்கலாம், தலைவலியாகவும் இருந்திருக்கலாம். உங்கள் கடிதத்தில் அவர் சொன்னது ஒன்றுகூட இல்லை, அவர் பேசாததற்கு நீங்கள் சொன்ன அர்த்தம்தான் இருக்கிறது.

பையன் தூங்கிய பிறகு, டிவியை அணைத்துவிட்டு, அந்தப் படம் உனக்கு எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் காத்திருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் நல்லது.