செயற்கைக்கோளுக்கு எதற்குப் பாலைவனம்?

கேள்வி: செயற்கைக்கோளின் கேமரா சரியாக அளக்கிறதா என்று பார்க்க சஹாராவின் மணலைப் படம் எடுப்பார்களாமே? ஏவும் முன்பே ஆய்வகத்தில் சோதித்துத்தானே அனுப்புகிறார்கள்?

பதில்: சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் ராக்கெட்டின் குலுக்கல், வெற்றிடம், புற ஊதாக் கதிர் எல்லாம் பட்டு சென்சார் மெல்ல மெல்ல மாறும், கழற்றிப் பார்க்கவும் ஆள் போக முடியாது. சரிபார்த்துக்கொள்ள உள்ளேயே விளக்கு வைத்து அனுப்புவதும் உண்டு, ஆனால் அந்த விளக்குக்கும் வயதாகுமே! பூமியைப் படம் எடுக்க 1984-ல் அமெரிக்கா ஏவிய லேண்ட்சாட் 5 செயற்கைக்கோள் 2013 வரை ஓடியது. இத்தனை வருடப் படங்களில் ஒரு காடு மங்கலாகத் தெரிந்தால், மங்கியது காடா கேமராவா?

அதற்குத்தான் மாறாத தரை தேவை. கிழக்கு லிபியாவில் 'லிபியா 4' என்று ஒரு மணல்பரப்பு இருக்கிறது. மழை அபூர்வம், மேகம் குறைவு, செடி கொடி இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. மணற்குன்றுகள் காற்றில் நகரும்தான், ஆனாலும் பல கிலோமீட்டர் பரப்பைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சூரியன் நிற்கும் கோணத்துக்குக் கணக்குப் போட்டுக் கழித்த பிறகும் அளவு வருடா வருடம் இறங்கிக்கொண்டே போனால், சந்தேகம் சென்சார் மேல்தான். ஒரே மணலை இரண்டு செயற்கைக்கோள்களுக்குக் காட்டி ஒப்பிடவும் செய்யலாம். அல்ஜீரியாவிலும் மொரிட்டானியாவிலும் இதே போன்ற இடங்கள் உண்டு.

ஆனால் சென்சார் மாறியிருப்பதைத்தான் மணல் காட்டிக்கொடுக்கும், சரியான அளவு எவ்வளவு என்று சொல்லாது. அது வேண்டுமென்றால் தரையில் இறங்கியே ஆக வேண்டும். அமெரிக்காவில் நெவாடாவின் ரெயில்ரோடு வேலி என்ற வறண்ட ஏரிப்படுகையில், செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்துக்குத் தரை எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, நடுவில் உள்ள காற்று எவ்வளவு விழுங்குகிறது என்று அளப்பார்கள். இப்போது அங்கே தானியங்கிக் கருவிகளே நிற்கின்றன. நம் இஸ்ரோவுக்கு குஜராத்தின் கட்ச் உப்புவெளி இருக்கிறது, மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கிவிடும் என்பதுதான் தொல்லை.

கேள்வி: பாலைவனம் மட்டும்தானா?

பதில்: எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ரேடாருக்கு அமேசான் காடு நல்ல இடம், எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அந்த அடர்ந்த இலைக்கூட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எதிரொலிக்கும். உயரத்தை அளக்கும் லேசருக்கு பொலிவியாவின் உயுனி உப்புப் பாலைவனம். சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மேடு பள்ளம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும், மழைநீர் பரவி உப்பைக் கரைத்து மறுபடி மட்டமாக்கிவிடுகிறது.