மூன்று விரல் அகலம்

வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

மகளின் பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து மூன்று கிழமையாகிறது. எங்கள் வீட்டில் அந்தக் கதை இன்னும் ஓயவில்லை. 14 வயதுக்குட்பட்ட பெண்கள் 100 மீற்றரில் மகளும் இன்னொரு பிள்ளையும் ஒன்றாக வந்தார்கள். நேரம் பார்த்த இரண்டு மணிக்கூட்டிலும் 13.9 செக்கன். ஆனால் மற்றப் பிள்ளைக்கு முதலாமிடம், மகளுக்கு இரண்டாமிடம். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கொட்டகைக்குள் நின்று இவர் போனில் எடுத்த வீடியோவில், எங்கள் பக்கமாக ஓடிய மகளின் கால் முதலில் தாண்டுவது வடிவாகத் தெரிகிறது. கொண்டுபோய்க் காட்டினோம். வீடியோ பார்க்கிற வழக்கமில்லை என்றார்கள். வேண்டுமென்றால் இரண்டு பேரையும் திரும்ப ஓடவிடலாம் என்றும் சொன்னார்கள். அழுதுகொண்டு நிற்கிற பிள்ளையை எப்படி ஓடச் சொல்வது?

பரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் 100 மீற்றரிலும் இதுதானே நடந்தது? ஜமேக்கா வீரரின் கால் முன்னுக்கு நிற்கிறது என்று படம் போட்டுக் கதைத்தார்கள். தங்கம் அமெரிக்கருக்குப் போனது. ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்து அதில் ஐந்து பங்குக்காக ஒருவரைத் தோற்றவர் என்று சொல்வது நியாயமா? இரண்டு தங்கம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஒரு தாய், கொக்குவில்

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

பரிஸில் நடந்தது நியாயம் என்று நினைக்கிறேன். உங்கள் மகளுக்கு நடந்தது நியாயமில்லை என்றும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்கிற காரணம் எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் காலின் கதையை முடித்துவிடுவோம். ஓட்டத்தில் காலுக்குக் கணக்கே இல்லை. தலை, கழுத்து, கை, கால் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சமாக இருக்கிற உடம்பில் ஏதாவது ஒரு பகுதி முடிவுக்கோட்டின் இந்தப் பக்க விளிம்புக்கு நேரே வருகிற கணத்தைத்தான் எடுப்பார்கள். ஓடுகிறவரின் கால் ஒரு கணம் முன்னுக்கு வீசும், அடுத்த கணம் பின்னுக்குப் போய்விடும். காலைப் பார்த்து முடிவு சொன்னால், யாருடைய எட்டு எந்த இடத்தில் விழுந்தது என்பதற்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். நெஞ்சு அப்படி முன்னும் பின்னும் ஆடுவதில்லை. ஆகவே அந்த ஜமேக்கா வீரர் தொம்சனின் கால் முந்தியிருந்தாலும் ஒன்றும் மாறாது. உங்கள் வீடியோவில் மகளின் கால் முந்தியிருந்தாலும் அப்படித்தான்.

2024 ஓகஸ்ட் 4 அன்று அமெரிக்காவின் நோவா லைல்ஸும் கிஷேன் தொம்சனும் ஓடிய அந்த இறுதிப் போட்டியில் இருவருக்கும் பலகையில் விழுந்தது 9.79 செக்கன். உள்ளே பிரித்துப் பார்த்தால் லைல்ஸ் 9.784, தொம்சன் 9.789. அந்த வேகத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு என்பது ஐந்தாறு சென்ரிமீற்றர். உங்கள் கையில் மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், அவ்வளவு அகலம். சின்னதுதான். ஆனால் அங்கே கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கமரா செக்கனுக்கு 40,000 படம் எடுத்தது. அந்த மூன்று விரல் அகலத்தை லைல்ஸ் கடக்கிற நேரத்துக்குள் 200 படம். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், ஆனால் அளந்த வித்தியாசம்.

அந்தக் கமரா நாங்கள் நினைக்கிற மாதிரிப் படம் எடுப்பதில்லை. அது மைதானத்தைப் பார்ப்பதேயில்லை, கோட்டை மட்டும், ஒரு மயிரிழை அகலத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த மயிரிழைகளை வரிசையாக ஒட்டினால் வருவதுதான் நாங்கள் பேப்பரில் காண்கிற, காலெல்லாம் நீண்டு வளைந்த அந்த விசித்திரமான படம். அதில் இருக்கிற எல்லோரும் கோட்டின்மேல்தான் இருக்கிறார்கள், வேறு வேறு கணத்தில். இடமிருந்து வலம் தூரம் இல்லை, நேரம். இது விளங்காமல்தான் பலர் அந்தப் படத்தில் காலைப் பார்த்துச் சண்டை பிடித்தார்கள்.

தொடக்கத்தையும் பாருங்கள். தொம்சன் நான்காம் பாதை, லைல்ஸ் ஏழாம் பாதை. ஒரு பாதை 1.22 மீற்றர். முதலாம் பாதைப் பக்கம் ஒருவர் நின்று வெடி வைத்திருந்தால், தொம்சனுக்குக் கேட்டு நூறில் ஒரு செக்கன் பிந்தித்தான் லைல்ஸுக்குச் சத்தம் போயிருக்கும். அவர் வென்ற இடைவெளியைப்போல் இரண்டு மடங்கு! அதனால்தான் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு ஒலிபெருக்கி வைக்கிறார்கள். தொடக்கத்தில் இவ்வளவு கவனம் எடுத்தவர்களுக்கு முடிவில் ஆயிரத்தில் ஐந்தைப் பிரிக்க உரிமை உண்டு.

நீச்சலில் அப்படி இல்லை. 1972 இல் மியூனிக்கில் 400 மீற்றர் கலப்பு நீச்சலில் சுவீடனின் குன்னார் லார்சன் அமெரிக்காவின் ரிம் மக்கீயை ஆயிரத்தில் இரண்டு பங்கால் வென்றார். தண்ணீரில் அது வெறும் மூன்று மில்லிமீற்றர். நீச்சல் தடாகத்தின் சுவரே பாதைக்குப் பாதை அதைவிடக் கூடக் குறைய இருக்கும். அதை உணர்ந்து அந்த விளையாட்டு நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டது. அதற்கும் கீழே போனால் இரண்டு பேருக்கும் தங்கம். 2016 இல் ரியோவில் பெண்கள் 100 மீற்றர் சுயாதீன நீச்சலில் இரண்டு பிள்ளைகள் 52.70 இல் வந்து தங்கத்தைப் பகிர்ந்தார்கள். எவ்வளவு நுணுக்கமாக அளக்க முடியுமோ அவ்வளவுக்குத்தான் பிரிக்கலாம் என்பதே என் நிலைப்பாடு. தடகளத்திலும் கமராவே பிரிக்க முடியாமல் நின்றால் இடத்தைப் பகிர்கிறார்கள். 2008 பெய்ஜிங்கில் பெண்கள் 100 மீற்றரில் ஜமேக்காவின் ஷெரோன் சிம்சனும் கெரன் ஸ்ரூவட்டும் 10.98 இல் சேர்ந்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் வெள்ளி, வெண்கலம் யாருக்கும் இல்லை.

எங்கள் நாட்டுக் கதையை விட்டுவிட்டுப் போக மனமில்லை. 1997 ஏதென்ஸ் உலகப் போட்டியில் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க 22.39, ஜமேக்காவின் மேர்லின் ஒட்டி 22.40. நூறில் ஒரு பங்கால் வெள்ளி எங்களுக்கு. மூன்று வருடம் கழித்து சிட்னியில் அதே 200 மீற்றரில் பகாமாஸின் போலின் டேவிஸ் 22.27, சுசந்திகா 22.28. அன்றைக்கு அது வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையில் இருந்த நூறில் ஒன்று. பிறகு, அந்த ஓட்டத்தில் முதலாவதாக வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு, அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்ட பின், டேவிஸுக்குத் தங்கமும் சுசந்திகாவுக்கு வெள்ளியும் ஆனது. ஒலிம்பிக் தங்கம் எங்களுக்கு ஒன்பது சென்ரிமீற்றர் அளவில் தவறியிருக்கிறது. எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது. ஆனாலும் ஏதென்ஸில் எங்களுக்குக் கொடுத்த அதே மாதிரிக் கமராதான் சிட்னியில் எடுத்தது. ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, மகளின் ஓட்டத்துக்கு வருவோம்.

அந்த மைதானத்தில் கமரா இல்லை. இரண்டு மணிக்கூடும் நாலைந்து கண்ணும்தான். கையால் நேரம் பார்ப்பவர் சத்தத்தைக் கேட்டு அழுத்தக்கூடாது, புகையையோ கட்டை அடிபடுவதையோ பார்த்து அழுத்தவேண்டும். சத்தம் 100 மீற்றர் வந்து சேர ஏறக்குறைய 0.3 செக்கன் பிடிக்கும். பார்த்தே அழுத்தினாலும் விரல் பிந்தும். கைக்கணக்கை மின் கணக்கோடு ஒப்பிட 0.24 செக்கன் கூட்டுகிற வழக்கம் அதனால்தான் வந்தது. 13.9 செக்கனில் ஓடுகிற பிள்ளைக்கு பத்தில் ஒரு செக்கன் என்பது முக்கால் மீற்றர். இரண்டு மணிக்கூடும் 13.9 காட்டியதால் உங்கள் மகள் தோற்கவில்லை என்றும் சொல்ல முடியாது, வென்றாள் என்றும் சொல்ல முடியாது.

உங்கள் வீடியோவும் உதவாது, கோபிக்கவேண்டாம். போன் பொதுவாகச் செக்கனுக்கு 30 படம் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் பிள்ளை ஒரு சாண் தூரம் போய்விடுவாள். அதைவிடப் பெரிய சிக்கல் நின்ற இடம். கோட்டுக்கு நேரே நிற்காமல், ஓட்டம் வருகிற பக்கமாக நின்று எடுத்தால், கிட்ட ஓடுகிற பிள்ளை முந்தியது போலத் தெரியும். கோட்டைத் தாண்டி நின்று எடுத்தால் தூர ஓடுகிற பிள்ளை முந்தும். மற்றப் பிள்ளையின் தகப்பன் அந்தப் பக்கத்தில் நின்று எடுத்திருந்தால் அவர் கையில் வேறு வீடியோ இருந்திருக்கும்.

அப்படியென்றால் முதலாமிடத்தை எப்படித் தீர்மானித்தார்கள்? எனக்குத் தெரியும், நானும் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். படிப்பித்த காலத்தில் ஒரு போட்டியில் மேசைமேல் வாங்கை ஏற்றி, படிபோல அடுக்கி, அதில் இருந்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு இடம். எனக்கு முதலாமிடம், பக்கத்தில் இருந்தவருக்கு இரண்டாமிடம். இரண்டு பெடியன்கள் ஒன்றாக வந்தார்கள். நான் குதித்து ஓடி நீல இல்லப் பெடியனின் கையைப் பிடித்தேன். இரண்டாமிடம் பார்த்தவரும் ஓடிவந்து அதே பெடியனின் மற்றக் கையைப் பிடித்தார். முதலாவதும் அவனே, இரண்டாவதும் அவனே. பதிவு மேசையில் இருந்தவர், “கெதியாச் சொல்லுங்கோ மாஸ்ரர், அடுத்த ஓட்டம் நிக்குது” என்றார். நான் வயதில் மூத்தவன், என் சொல் எடுபட்டது. சிவப்பு இல்லப் பெடியன் ஒரு சொல் கதைக்கவில்லை. விழுந்து எழும்பியவன், முழங்காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு நின்றான். அது போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தான்.

யார் முந்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது. “சேர்ந்துதான் வந்தார்கள்” என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரு முதலாமாள் வேண்டும் என்று மேசை கேட்டதால் ஒருவனைக் கொடுத்துவிட்டேன். உங்கள் மகளுக்கும் அதுதான் நடந்திருக்கும்.

திரும்ப ஓடவிடாதது நல்லது. 2012 அமெரிக்க ஒலிம்பிக் தெரிவுப் போட்டியில் அலிசன் பீலிக்ஸும் ஜெனிபா தார்மோவும் 100 மீற்றரில் மூன்றாமிடத்துக்கு 11.068 இல் சேர்ந்து வந்தார்கள். முதலில் தார்மோ மூன்றாவது என்றார்கள், பிறகு சமம் என்று மாற்றினார்கள். மறு ஓட்டம் ஏற்பாடானது. தார்மோ ஓடாமல் விலகிக்கொண்டார். எனக்கு அவருடைய மனம் விளங்குகிறது. இரண்டாம் ஓட்டம் முதல் ஓட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்லாது, யாருக்கு மூச்சு முந்தித் திரும்பியது என்றுதான் சொல்லும். அதுவும் 13 வயதுப் பிள்ளைகளுக்கு!

பள்ளிக்கூடத்துக்கு எழுதுங்கள், ஆனால் மகளை முதலாவதாக்கும்படி கேட்காதீர்கள். இரண்டு பிள்ளைகளையும் சேர்ந்து முதலாமிடம் என்று பதியச் சொல்லுங்கள். இல்லப் புள்ளியில் சிக்கலே இல்லை, முதலாமிடத்தின் புள்ளியையும் இரண்டாமிடத்தின் புள்ளியையும் கூட்டி இரண்டாகப் பிரித்தால் சரி. அந்தப் பிள்ளையின் தாயையும் சேர்த்துக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடத்துக்கு, கோட்டுக்கு நேரே ஒரு முக்காலியில் ஒரு போனைப் பூட்டி, மெதுவாக ஓட்டிப் பார்க்கக்கூடிய முறையில் எடுக்கலாமே என்றும் கேளுங்கள். பெரிய செலவில்லை.

மகளோடு பின்னேரங்களில் ஒரு வேலை செய்யுங்கள். கோட்டுக்கு அப்பால் மூன்று மீற்றரில் ஒரு சோடிச் செருப்பைப் போட்டுவிட்டு, அதுவரை வேகம் குறைக்காமல் ஓடச் சொல்லுங்கள். பிள்ளைகள் அனேகமாகக் கோட்டைக் கண்டதும் தளர்ந்துவிடுவார்கள். நெஞ்சைத் தள்ளுவது கடைசிக் காலடியில் மட்டும், முந்தித் தள்ளினால் வேகம் விழும். கொக்குவில் எனக்குத் தூரமில்லை. வலயப் போட்டிக்கு முன் ஒரு நாள் சொல்லுங்கள், நானும் வந்து கோட்டுக்கு நேரே நிற்கிறேன்.

அன்புடன்,
அண்ணா