கடைசி ரயில் போன பிறகு

தம்பி, செப்டம்பரில் லண்டனுக்குப் படிக்க வருகிறேன், இரவில் வெளியே போய் வருவது பாதுகாப்பா, எந்த ஏரியா நல்லது, எந்த கிளப், எவ்வளவு செலவாகும் என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பின்னால் உள்ள மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் இப்போது பத்து மணிக்கே கொட்டாவி விடுகிற ஆள். கூடப் படிக்கிறவர்கள் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

கிளப்புக்குள் பயம் குறைவு. வாசலில் பவுன்சர் இருப்பார், 25 வயதுக்குக் கீழே தெரிந்தால் அத்தாட்சி கேட்பார்கள், கோபப்படாதீர்கள். கிளாஸை மேசையில் விட்டுவிட்டு ஆடப் போனால் திரும்பி வந்து அதைத் தொடாதீர்கள். யாராவது தொல்லை கொடுத்தால் பாரில் போய் "ஆஞ்சலா இருக்கிறாரா" என்று கேட்கலாம், அது உதவி கேட்கிற சங்கேத வார்த்தை, பல இடங்களில் ஊழியர்களுக்குப் புரியும், ஆண்களும் கேட்கலாம். அவ்வளவுதான். வம்பெல்லாம் வெளியே வந்து வீடு சேர்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

நான் வந்தது 2009-இல். கிழக்கு லண்டன் இல்ஃபர்டில் ஓர் அறையில் நாலு பேர். மூன்றாவது வாரம் நகர நடுவில் உள்ள சோஹோ போய்க் கடைசி ரயிலை விட்டுவிட்டு டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு பக்கம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றபோது, வாடகைக் கார்க்காரர் ஒருவர் "மினிகேப், மினிகேப்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். 15 பவுண்ட் என்று பேசி ஏறினேன். ஸ்ட்ராட்ஃபர்ட் பக்கத்தில் ஒரு சந்தில் நிறுத்தி 50 கேட்டார். கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. பர்ஸில் இருந்த 40-ஐயும் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

இங்கே தெருவில் கை காட்டி ஏற உரிமம் உள்ளது கறுப்பு டாக்ஸிக்கு மட்டும்தான். மினிகேப் என்றால் முன்பதிவு செய்திருக்க வேண்டும். தானாக வந்து கூப்பிடுகிறவர் சட்டத்துக்குப் புறம்பாகத்தான் ஓட்டுகிறார், இன்சூரன்ஸும் இருக்காது. ஆப்பில் போட்டாலும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், உங்கள் பெயரை அவர் சொல்லட்டும், நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். உங்களுக்கு இன்னொரு வசதி, 2016-இல் தொடங்கியது, வெள்ளி, சனி இரவுகளில் சென்ட்ரல், விக்டோரியா, ஜூபிலி, நார்தர்ன், பிக்காடிலி தடங்களின் சில பகுதிகளில் ரயில் விடிய விடிய ஓடுகிறது. எங்களுக்கு அது கிடையாது. மற்ற நாட்களுக்கு இரவுப் பேருந்துதான். பேருந்தில் காசு வாங்க மாட்டார்கள், போனில் சார்ஜ் இறங்கினால் நடுத்தெருதான், அதனால் ஒரு கார்டைத் தனியாக உள்பையில் வையுங்கள்.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. நடைபாதை ஓரத்தில் நின்று மேப்பைப் பார்க்காதீர்கள். மின்சைக்கிளில் முகத்தை மூடிக்கொண்டு பின்னாலிருந்து வருவார்கள். சத்தமே கேட்காது, கை காலியான பிறகுதான் திரும்பிப் பார்ப்பீர்கள். கடைக்குள் போய்ச் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு பாருங்கள். *#06# அழுத்தினால் வருகிற போனின் அடையாள எண்ணை (IMEI) இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாதுகாப்புக்கு என்று மிளகு ஸ்ப்ரே கொண்டுவராதீர்கள், இங்கே அது துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட ஆயுதம், மாட்டினால் விசாவுக்கே வேட்டு. ரயிலில் தொல்லை என்றால் 61016-க்கு எஸ்எம்எஸ், உயிர் ஆபத்து என்றால் 999.

அப்புறம் நம்மவர்கள். ஹாரோவில் வீடு வாங்கிய சிலர் வாட்ஸப்பில் கத்திக்குத்துச் செய்தியாக அனுப்பி உங்களை அறையிலேயே பூட்டிவைக்கப் பார்ப்பார்கள். இருபது வருடமாக இருக்கிறார்கள், ஒரு வெள்ளைக்காரரோடு பப்பில் உட்கார்ந்ததில்லை. நான் குடிக்க மாட்டேன், ஆனாலும் லெமனேடைக் கையில் வைத்துக்கொண்டு என் முறை வரும்போது எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்கக் கற்றுக்கொண்டேன், வேலையும் அப்படிப் பழகிய ஒருவர் மூலமாகத்தான் கிடைத்தது. இன்னொரு வகை இருக்கிறது. பப்பில் தமிழ் கேட்டதும் தோளில் கை போட்டு, "தம்பி, உன் அக்கவுண்ட்ல ரெண்டு நாள் கொஞ்சம் பணம் போட்டுக்கட்டுமா, உனக்கும் ஒரு பங்கு" என்பார். எழுந்து வந்துவிடுங்கள். அது திருட்டுப் பணம். வங்கி கணக்கை மூடிவிடும், உங்கள் பெயரில் விழும் கறை ஆறு வருடம் வரைகூட நிற்கும். எனக்குத் தெரிந்த கெட்டிக்காரப் பையன் ஒருவன் இப்படித்தான் வீடு வாடகைக்குக்கூட வழியில்லாமல் அலைந்தான்.

அன்று இரவு ரம்ஃபர்ட் ரோடு நெடுக நடந்தேன். நல்ல குளிர், ஷூ வேறு புதிது, குதிகாலில் தோல் உரிந்துவிட்டது. பின்னாலிருந்து 25-ஆம் நம்பர் பேருந்து, அப்போது அது நடுவில் துருத்தி வைத்த நீளப் பேருந்து, உள்ளே விளக்கெரிய, பாதிப் பேர் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்க, என்னைத் தாண்டி மூன்று தடவை போனது. பாவம், டிப்போவுக்குப் போகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. கதவைத் திறந்த அறை நண்பன் என் காலைப் பார்த்தான், சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த ஆய்ஸ்டர் பயண அட்டையைப் பார்த்தான்.

"ஏன்டா, ஒரு பவுண்டுதானே, 25-ல வரலாமே?"