எல்லா வெப்சைட் வேலைக்கும் ஒரே லிண்ட் விதிகள் எதற்கு, எப்படி வைப்பது?

லிண்ட் என்பது நிரலை ஓட்டாமலே படித்துப் பார்த்து, சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்டும் கருவி. அறிவித்துவிட்டு எங்குமே பயன்படுத்தாத மாறி (மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயர்) ஓர் உதாரணம். முதல் லிண்ட், 1978இல் ஸ்டீபன் ஜான்சன் பெல் லேப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வகத்தில் சி மொழிக்காக எழுதியது. பெயர், துணியில் ஒட்டும் பஞ்சுத் தூசியிலிருந்து வந்தது. வெப்சைட் மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு ஈஎஸ்லிண்ட் என்ற லிண்ட் கருவி 2013இல் வந்தது.

சரி, ஒரே விதி ஏன்? மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த, வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். பட்டையில் வெட்டும் கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே, ஒரே சாய்வில் இறங்க வேண்டும். இன்று வராதவரின் மரங்களை நாளை வேறொருவர் வெட்டுவார். ஆளுக்கொரு சாய்வு என்றால் பட்டைதான் பாழாகும். நிரலும் அப்படித்தான் கைமாறுகிறது.

விதிக் கோப்பை ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் நகலெடுத்து ஒட்டாதீர்கள். ஆறு மாதத்தில் ஒவ்வொன்றும் ஒரு திசையில் போய்விடும் (நான் பட்டது). விதிகளைத் தனி என்பிஎம் தொகுப்பாக்கி (என்பிஎம் என்பது ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளைப் பகிர்ந்து நிறுவும் வசதி), எல்லா இடத்திலும் அதையே நிறுவுங்கள். மாற்றம் வந்தால் அங்கே திருத்திப் புதிய பதிப்பு விட்டு, ஒவ்வொரு புராஜெக்ட்டிலும் அந்தப் பதிப்புக்கு மாறினால் போதும். பழைய நிரலில் விதிகளை முதலில் பிழையாக அல்லாமல் எச்சரிக்கையாக மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் சிவப்புப் பிழைகளைப் பார்த்தே பாதிப் பேர் லிண்ட்டை அணைத்துவிடுவார்கள்.

அப்புறம், லிண்ட் குறை சொல்லாவிட்டால் நிரல் சரி என்று பலர் நம்புகிறார்கள். கழிக்க வேண்டிய தள்ளுபடியைக் கூட்டியிருந்தாலும் அது வாயே திறக்காது.