டோக்கியோவில் முதல் நிராகரிப்புக் கடிதம்: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி,

டோக்கியோவில் காப்புரிமை வழக்கறிஞர்கள் நடத்தும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். கேமரா ஆட்டோஃபோகஸ், லைவ் வியூ (எடுக்கும் முன்பே காட்சி திரையில் நேரடியாகத் தெரிவது) கோப்புகளைக் கொடுத்திருக்கிறார்கள். கையில் வந்த மூன்றிலும் அரசுக் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் சொன்னது ஒன்றுதான்: "இத்துறை அறிந்தவர் எளிதாக எண்ணியிருக்கக்கூடியது." இந்த வேலையில் நிற்க முடியுமா, பழையபடி மென்பொருளுக்கே போய்விடட்டுமா என்று கேட்கிறீர்கள். நான் இதே ஊரில், இதே வேலையில் 17 வருடமாக இருக்கிறேன். போகவேண்டாம் என்பதுதான் என் பதில். ஒரு கோப்பாவது உங்கள் கையால் காப்புரிமையாக முடியட்டும். அதற்குப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

நிராகரிப்புக் காரண அறிவிப்பு, இங்கே சொல்லும் "க்யோஸெட்சு ரியூ", வந்துவிட்டால் ஏதோ தோற்றுவிட்டதாக நினைக்கிறீர்கள். பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு ஆய்வாளரிடமிருந்து வரும் முதல் பதிலே இதுதான். விண்ணப்பம் கொடுத்தாலே ஜப்பானில் ஆய்வு தொடங்கிவிடாது. 3 வருடத்துக்குள் தனியாக ஆய்வுக் கோரிக்கை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகிவிடும். பணம் கட்டி, ஆய்வு கேட்டு, காத்திருந்து வாங்குவதுதான் இந்தக் கடிதம். உள்நாட்டு விண்ணப்பதாரர் என்றால் 60 நாளில் பதில் தர வேண்டும், வெளிநாட்டவர் என்றால் 3 மாதம். ஒரு ஆட்சேபமும் இல்லாமல் நேராகக் காப்புரிமை கிடைத்துவிட்டால் எங்கள் மேலாளர் சந்தோஷப்படமாட்டார், "கிளெய்மைத் தேவைக்கு மேல் குறுக்கி எழுதிவிட்டோமோ?" என்று கவலைப்படுவார். எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதிதான் கிளெய்ம். முதலில் அகலமாகக் கேட்டுவிட்டு, ஆய்வாளர் எங்கே கோடு போடுகிறார் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி திருத்துவதுதான் இந்தத் தொழில்.

அதனால் கடிதத்தைப் பிரித்ததும் முடிவுரையில் கண்ணை வைக்காதீர்கள். நடுவில் ஒரு பகுதி இருக்கும். மேற்கோள் ஆவணம் 1-க்கும், அதாவது அவர் ஆதாரமாகக் காட்டும் முந்தைய ஆவணத்துக்கும், நம் கிளெய்முக்கும் எது ஒன்று, எது வேறு என்று ஆய்வாளர் எழுதியிருப்பார். அந்த வேறுபாட்டை "ஸோய்தென்" என்பார்கள். நீங்கள் உட்கார வேண்டிய இடம் அதுதான். அவர் கண்ட வேறுபாடு சரிதானா, அவர் காணாமல் விட்டது ஏதாவது உண்டா என்பதைப் பாருங்கள்.

நீங்கள் படச் செயலாக்கம் படித்தவர். இங்கே அது உதவும், ஆனால் படித்ததை அப்படியே கொண்டுவந்து வைத்தால் உதவாது. இந்தத் துறையின் அடிநாதம் எனக்குப் புரியவே இரண்டு வருடம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகவேண்டாமே என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழைய எஸ்எல்ஆர் கேமராவை நினைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் வழியாக வரும் ஒளியில் பெரும்பகுதியை முதன்மைக் கண்ணாடி மேலே வியூஃபைண்டருக்கு அனுப்பும். மீதி அதன் பின்னே உள்ள சின்னக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடியில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குப் போகும். பார்க்க ஒரு பாதை, குவியம் அளக்க இன்னொரு பாதை. இரண்டுக்கும் சண்டையே கிடையாது. லைவ் வியூ வந்ததும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்கிறது, ஃபோகஸ் சென்சாருக்கு ஒளி போவதில்லை. ஒலிம்பஸ் இ-330 வந்த 2006-இலிருந்து இந்தத் தலைவலிக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வைத்தியம் தேடியது. ஒரு வழி, ஃபோகஸ் செய்யும்போது மட்டும் கண்ணாடியைக் கீழே இறக்குவது. அந்த நேரம் திரை இருண்டுவிடும். இன்னொரு வழி கான்ட்ராஸ்ட் முறை, அதாவது லென்ஸை நகர்த்திக்கொண்டே படம் மிகத் தெளிவாகும் இடத்தைத் தேடுவது. மலையேறுவது மாதிரி. உச்சி எது என்று தெரிய வேண்டுமானால் உச்சியைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். அதனால் திரையில் படம் தெளிந்து, மங்கி, மறுபடி தெளியும். அப்புறம் படம் பிடிக்கும் சென்சாருக்குள்ளேயே ஃபேஸ் டிஃபரன்ஸ் பிக்சல்களை, அதாவது குவியம் அளக்கும் பிக்சல்களை, பதித்தார்கள். ஃபூஜிஃபில்மின் எஃப்300இஎக்ஸ்ஆர் 2010-இல் வந்தது. 2013-இல் கேனன் 70டி ஒவ்வொரு பிக்சலிலும் இரண்டு ஃபோட்டோடயோடை வைத்துக்கொண்டு வந்தது.

ஆனால் அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. காட்டுவதற்கும் அளப்பதற்கும் இப்போது ஒரே சென்சார். திரைக்கு வேண்டியது கண்ணுக்கு இதமான வெளிச்சம், தடங்கல் இல்லாத ஓட்டம். ஃபோகஸுக்கு வேண்டியது திறந்த அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி புகும் துளை), தனக்கென்று ஒரு எக்ஸ்போஷர் (ஒளி வாங்கும் நேரம்), வேகமான ரீட்அவுட் (சென்சாரிலிருந்து படித்தெடுப்பது). நீங்கள் கையில் வைத்திருக்கும் கோப்பு எதுவானாலும் சரி, அந்த இரண்டு பேருக்கும் நடுவே செய்துகொண்ட ஒரு சமரசம்தான் அதற்குள் கண்டுபிடிப்பாக இருக்கும். அது என்ன சமரசம், யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிந்தால் பதிலில் பாதி எழுதியாகிவிட்டது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், விவரங்களை மாற்றித்தான். லைவ் வியூவில் அப்பர்ச்சர் குறுக்கிய நிலையில் படம் தெரிகிறது. ஷட்டரைப் பாதி அழுத்தியதும் அப்பர்ச்சர் திறந்து ஃபோகஸ் அளக்கிறது. அப்போது திரை சட்டென்று வெளுத்துப்போகும், பின்னணியும் கரைந்துவிடும். அதைத் தவிர்க்க, அளக்கும் நேரம் முழுக்க முந்தைய ஃபிரேமையே திரையில் நிறுத்திவைப்பது என்பதுதான் கண்டுபிடிப்பு. ஆய்வாளர் சொன்னது: ஆவணம் 1-இல் திறந்த அப்பர்ச்சரில் ஃபோகஸ் அளப்பது இருக்கிறது, ஆவணம் 2-இல் திரையை நிறுத்திவைப்பது இருக்கிறது, இரண்டையும் சேர்ப்பது எளிது.

நான் நான்கு பக்கம் பதில் எழுதினேன். எங்கள் முறை எவ்வளவு நல்லது, பயனருக்கு எவ்வளவு வசதி என்றெல்லாம். மேலாளர் மூன்று பக்கத்தைக் குறுக்காக அடித்தார். "இது விளம்பரம்" என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆவணம் 1-இல், அந்தக் கணத்தில் கேமராவைப் பிடித்திருப்பவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்?"

போய்ப் பார்த்தேன். ஆவணம் 1 கண்ணாடி உள்ள எஸ்எல்ஆர். அவர் பார்ப்பது ஆப்டிகல் வியூஃபைண்டர். படம் எடுக்கும் கணம்வரை அப்பர்ச்சர் எப்போதும் திறந்தேதான் இருக்கும். ஃபோகஸ் அளப்பதால் அவர் கண்ணுக்கு ஒன்றுமே மாறுவதில்லை. மாறாத காட்சியை நிறுத்திவைக்க யாருக்கும் காரணம் இருக்காது. ஆவணம் 2-இல் திரை நிற்பது ஃபோகஸ் முடிந்த பிறகு, படம் பதிவாகும்போது. நம்முடையதில் திரை நிற்கும்போதுதான் அளவே நடக்கிறது. கிளெய்மில் "ஃபோகஸ் கண்டறியும் சிக்னலைப் பெற்றுக்கொண்டிருக்கும் காலத்தில்" என்று ஒரு தொடரைச் சேர்த்தோம். அது விவரக்குறிப்பில், அதாவது விண்ணப்பத்தோடு முதலில் கொடுத்த விளக்கத்தில், அப்படியே இருந்த தொடர். ஒன்றரைப் பக்கப் பதில் போனது, காப்புரிமை கிடைத்தது. அந்த ஒரு கேள்வியை இன்றுவரை ஒவ்வொரு மேற்கோள் ஆவணத்திடமும் கேட்கிறேன். நீங்களும் உங்கள் மூன்று கோப்பிலும் கேட்டுப் பாருங்கள்.

"அது விவரக்குறிப்பில் அப்படியே இருந்த தொடர்" என்றேனே, அதற்கு நான் கொடுத்த விலை தனி. இன்னொரு கோப்பில் சென்சார் வினாடிக்கு 120 ஃபிரேம் ஓடுகிறது. ஒன்று விட்டு ஒன்று திரைக்கு, நடுவில் உள்ளவை ஃபோகஸுக்கு. ஃபோகஸ் கணக்கீடும் திரைப் புதுப்பிப்பும் "தோஜி நி" நடக்கின்றன, அதாவது ஒரே நேரத்தில், என்று கிளெய்மைத் திருத்தினேன். விவரக்குறிப்பில் இருந்ததோ "ஹெய்கோ ஷிதே", இணையாக. இரண்டும் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றியது. ஆய்வாளருக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் தாக்கல் செய்ததில் இல்லாத புதிய விஷயம் என்று திருப்பிவிட்டார், அதுவும் இறுதி நிராகரிப்புக் காரண அறிவிப்பாக. அதற்குப் பிறகு திருத்துவதற்கு இடம் மிகவும் குறுகிவிடும்.

அன்று மாலை மேலாளர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எது எந்த நேரத்தில் நடக்கிறது என்று காட்டும் டைமிங் சார்ட்டை விரித்தார். மேலே ஒவ்வொரு ஃபிரேமின் தொடக்கத்தையும் குறிக்கும் செங்குத்து ஒத்திசைவு சிக்னல், அதன் கீழே ரோலிங் ஷட்டரின் எக்ஸ்போஷர். நீங்களும் பார்த்திருப்பீர்கள், வரிசையாகச் சாய்ந்த இணைகரங்கள். மேல் வரி முதலில் படிக்கப்படும், கீழ் வரி கடைசியில், அதனால்தான் அந்தச் சாய்வு. பென்சிலால் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, "இந்தக் கணத்தில் என்னென்ன நடக்கிறது, சொல்லுங்கள்" என்றார். ஒரு ஃபிரேமின் கணக்கீடு தொடங்கிவிட்டது, திரையின் புதுப்பிப்பு இன்னும் தொடங்கவில்லை. கோட்டை நகர்த்தினார், இப்போது இரண்டும் ஓடின. இன்னும் நகர்த்தினார், கணக்கீடு முடிந்துவிட்டது. இணையாக ஓடுகின்றன, உண்மை. ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிகிறதா? இல்லை. எட்டு மில்லிசெகண்டுக்குள் நடக்கும் கதை அது. அந்த இடைவெளியில் என் சொல் விழுந்துவிட்டது. ஜப்பானிய மொழியைத் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருந்த நான், வேலைக்காகப் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

இந்தத் துறையில் ஒரு சொல் எவ்வளவு பெறும் என்பதற்கு அமெரிக்க நிறுவனமான ஹனிவெல்லுக்கும் ஜப்பானியக் கேமரா நிறுவனமான மினோல்டாவுக்கும் நடந்த வழக்கைப் படியுங்கள். 1985-இல் மினோல்டா 7000 வந்து ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர் சந்தையையே மாற்றியது. தன் ஆட்டோஃபோகஸ் காப்புரிமைகளை மீறியதாக ஹனிவெல் 1987-இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 1992-இல் ஜூரி மினோல்டாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, கடைசியில் 12 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். மற்ற கேமரா நிறுவனங்களும் ஹனிவெல்லுக்குப் பணம் கட்டின. வாடிக்கையாளர் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் இருப்பவர்கள் ஒரு இணைப்புச் சொல்லுக்காக இரண்டு மணி நேரம் கூட்டம் போட்டால் பொறுமை இழக்காதீர்கள்.

முந்தைய காப்புரிமை ஆவணங்களைத் தேடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். "லைவ் வியூ" என்று மட்டும் தேடினால் பழைய ஜப்பானிய ஆவணங்கள் பாதிகூட வராது. அந்தக் காலத்தில் எழுதியவர்கள் "ஸுரூ காஸோ" என்றார்கள். சென்சாரிலிருந்து பதிவாகாமல் நேராகத் திரைக்குப் போகும் படம் என்று பொருள். சிலர் மானிட்டர் படம் என்றார்கள், சிலர் மின்னணு வியூஃபைண்டர் படம் என்றார்கள். காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்ணிலும் கவனம் வேண்டும். 2023-இல் எச்04என் 23 என்ற புதிய பிரிவு வந்தது. ஃபோகஸ் கட்டுப்பாடு 23/67-இல், மின்னணு வியூஃபைண்டர் வழியான கட்டுப்பாடு 23/63-இல். அதற்கு முந்தையவை எச்04என் 5/232-இல் கிடக்கும். ஒளியியல் பக்கம் ஜி02பி 7/28-ஐயும் அதன் கீழுள்ளவற்றையும் விடாதீர்கள்.

ஜப்பானியக் காப்புரிமை ஆவணங்களைத் தேடும் தளமான ஜே-பிளாட்பாட்டில் இன்னொரு புதையல் இருக்கிறது. விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகிவிடும். வெளியான விண்ணப்பங்களின் நிராகரிப்பு அறிவிப்பு, அதற்குத் தந்த பதில், திருத்தம் எல்லாவற்றையும் இலவசமாகப் படிக்கலாம். வாரத்துக்கு ஒரு கோப்பு, உங்கள் துறையில் காப்புரிமை கிடைத்ததாகப் பார்த்து எடுங்கள். முதலில் அறிவிப்பை மட்டும் படித்து உங்கள் பதிலை நீங்களே எழுதிவிட்டு, பிறகு உண்மையில் போன பதிலைத் திறந்து பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு இவ்வளவு கற்றுத்தரவில்லை.

முடிந்தால் ஒரு பழைய கேமராவும் வாங்கிக்கொள்ளுங்கள், கான்ட்ராஸ்ட் முறை மட்டும் உள்ளதாக. மங்கலான அறையில் பாதி அழுத்திப் பிடித்துத் திரையைப் பாருங்கள். படம் தெளிந்து, தாண்டி, திரும்புவதைக் கண்ணால் பார்த்தவர் எழுதும் பதில் வேறு மாதிரி இருக்கும்.

ஆய்வாளரோடு நேர்காணல் கேட்கலாம், "மென்ஸெட்சு" என்பார்கள். முதல் முறை கஸுமிகஸெக்கியில் உள்ள அரசுக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போனபோது எனக்குக் கை நடுங்கியது. எதிரே உட்கார்ந்தவர் மேற்கோள் ஆவணம் முழுக்கக் குறிப்பு எழுதிவைத்திருந்தார். அவருக்குத் தேவைப்பட்டதும் கிளெய்மில் சரியான ஒரு தொடர்தான். மேலாளர் போகும்போது உங்களையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். பேச வேண்டாம், குறிப்பு எடுத்தால் போதும்.

ஆய்வாளர் வேலைக்கே போகலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: அது அரசுப் பணி, ஜப்பானியக் குடியுரிமை வேண்டும். காப்புரிமை வழக்கறிஞர், அதாவது பென்ரிஷி ஆவதற்குக் குடியுரிமைத் தடை இல்லை. ஆனால் தேர்வு முழுக்க ஜப்பானிய மொழியில்தான். இப்போது அதை நினைக்காதீர்கள், மூன்று வருடம் போகட்டும்.

தனிமையைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் தாண்டவில்லை. நாள் முழுக்க இன்னொரு மொழியில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், தமிழில்கூடப் பேச வாய் வராத நாட்கள் எனக்கும் இருந்தன. சிவப்பு மையைப் பார்த்து அழுதும் இருக்கிறேன். ஆனால் அக்கறை இல்லாத மேலாளர் சிவப்பு மையைச் செலவழிக்கமாட்டார், தம்பி. உங்கள் பக்கத்தை வரிக்கு வரி திருத்துகிறார் என்றால் உங்களை இருக்கவைக்க நினைக்கிறார் என்றுதான் அர்த்தம். அவரிடம் போய், "ஏன் இந்த வரியை அடித்தீர்கள்?" என்று கேளுங்கள். நான்கு மாதத்தில் ஒருமுறைகூட நீங்கள் கேட்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

கோப்பின் உள்ளே இருப்பதை எனக்கு எழுதவேண்டாம், அது ரகசியம். மூன்றில் எதற்குக் கெடு முதலில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். நாளைக் காலை அதன் டைமிங் சார்ட்டை அச்சடித்து, பென்சிலால் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கேமராவைப் பிடித்திருப்பவர் அந்தக் கணத்தில் என்ன பார்க்கிறார் என்று ஓரத்தில் எழுதிவிட்டு, மேற்கோள் ஆவணம் 1-இன் படத்திலும் அதே கோட்டைப் போட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா