அமெரிக்காவில் சீனக் குடும்பங்கள் பிள்ளைகளோடு புத்தாண்டை எப்படிக் கொண்டாடுகிறார்கள்? நண்பர் வீட்டுக்கு அழைத்திருக்கிறார், என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

எந்த நாளுக்கு அழைத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். பெரிய விருந்து புத்தாண்டன்று அல்ல, அதற்கு முந்தின இரவு. புத்தாண்டு 2026இல் பிப்ரவரி 17, 2027இல் பிப்ரவரி 6. நியூயார்க் மாநகரப் பொதுப் பள்ளிகள் 2016 முதல் விடுமுறை விடுகின்றன. பல ஊர்களில் பள்ளி உண்டு என்பதால் விருந்தை வார இறுதிக்குத் தள்ளிவிடுவார்கள். சீனாவில் இருக்கும் தாத்தா பாட்டியைத் தொலைபேசியில் அழைப்பதைத் தள்ள முடியாது. பெய்ஜிங்கில் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் கலிஃபோர்னியாவில் முந்தின நாள் காலை 8 மணி, நியூயார்க்கில் 11. இங்கே புத்தாண்டு விடிந்த பிறகு சாவகாசமாக அழைத்தால் அங்கே முதல் நாளே முடிந்திருக்கும்.

வடசீனாவிலிருந்து வந்தவர்கள் என்றால் புத்தாண்டுக்கு முந்தின மாலை வீடே உட்கார்ந்து ஜியாவ்ஸி பிடிக்கும். உள்ளே இறைச்சிப் பூரணம், பிறை வடிவம், நம் சோமாசியை ஓரம் அழுத்தி மூடுவது போலத்தான். பழைய வெள்ளிக்கட்டி போலிருப்பதால் செல்வத்துக்கு அடையாளம். 40 வருவதற்கு மைதா 300 கிராம், தண்ணீர் 160 மில்லி. பிசைந்து அரை மணி நேரம் மூடிவைக்க வேண்டும், இல்லையென்றால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். பன்றிக் கொத்துக்கறி 350 கிராம், சீன முட்டைக்கோஸ் 250 கிராம். கோஸை நறுக்கி ஒரு தேக்கரண்டி உப்பில் 20 நிமிடம் பிசறிவைத்து ஒட்டப் பிழியுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் நீர் கசிந்து மாவு கிழியும்.

பிள்ளைகள் பிடித்தது கொதிநீரில் பிரிந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் அதிகப் பூரணம், அல்லது ஓரத்தில் பட்ட எண்ணெய். அவர்கள் கையில் சின்னத் தேக்கரண்டியைக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. கடையில் வாங்கிய வட்ட மாவுத் தகடு என்றால் ஓரத்தில் தண்ணீர் தொட வேண்டும். வேகவைக்கும்போது ஒவ்வொரு முறை கொதி வந்ததும் ஒரு கப் பச்சைத் தண்ணீர், இப்படி மூன்று முறை. மேல்மாவு உடையாமல் உள்ளே கறி வெந்துவிடும். ஒன்றில் மட்டும் காசு ஒளித்துவைப்பது பழைய வழக்கம், கிடைத்தவருக்கு ஆண்டு முழுக்க அதிர்ஷ்டம். சின்னப் பிள்ளை விழுங்கிவிடும் என்பதால் இப்போது பேரீச்சைத் துண்டு வைக்கிறார்கள்.

தென்சீனக் குடும்பங்களில் நியென் காவ் என்ற வெல்லப் பணியாரம் முக்கியம். ஒட்டும் அரிசி மாவில்தான் வரும். தாய்லாந்து மாவுப் பொட்டலத்தில் பச்சை எழுத்துதான் அது. சிவப்பு எழுத்து சாதா அரிசி மாவு. பண்டிகை நிறம் என்று சிவப்பை எடுத்துப் போனால் இழுபடாமல் உதிரும். மேசையில் வரும் முழு மீனைக் காலி செய்துவிடாதீர்கள். மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே உச்சரிப்பு என்பதால் கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள்.

பணம் வைத்த சிவப்பு உறைக்குத்தான் பிள்ளைகள் காத்திருப்பார்கள். மாண்டரின் பேசுவோர் ஹோங்பாவ் என்பார்கள், கேன்டனீஸ் பேசும் வீட்டில் லாய் சீ. தமிழர்கள் சறுக்கும் இடமும் இதுவே. 11, 51, 101 என்று மொய் வைத்துப் பழகிய கை, ஒற்றைப்படையாக வைத்துவிடும். அங்கே அது துக்க வீட்டுக்கு வைக்கும் தொகை. 2, 8, 20 டாலர் நல்லது. 4, 40 கூடாது, நான்கு என்ற சொல் சாவு என்பது போல ஒலிக்கும். நோட்டு புதிதாக, மடிப்பில்லாமல் இருக்கட்டும். 2 டாலர் நோட்டுக்கு வங்கியில் இரண்டு வாரம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. உங்கள் பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப்போங்கள்: இரண்டு கையாலும் வாங்க வேண்டும், கொடுத்தவர் முன்னால் பிரிக்கக்கூடாது.

சைனாடவுன் போனால் இருவர் உள்ளே நின்று ஆடுவது சிங்கம், பலர் கோலில் தூக்கி வருவது டிராகன். சிங்கத்தின் வாயில் பிள்ளைகள் சிவப்பு உறை ஊட்டலாம். பட்டாசு காதருகே வெடிக்கும், கைக்குழந்தைக்குக் காது மூடி வேண்டும். சான்பிரான்சிஸ்கோவின் பெரிய ஊர்வலம் புத்தாண்டன்று நடக்காது, பிந்தைய ஒரு சனிக்கிழமைதான்.

கையில் ஆரஞ்சு கொண்டு போங்கள், ஆறோ எட்டோ. கடிகாரம் மட்டும் வேண்டாம், அதைப் பரிசளிப்பதும் ஈமச்சடங்கு செய்வதும் அவர்கள் காதில் ஒன்றாகவே விழும்.